கிராணி வீட்டு வெயில்

எங்கள் கொல்லையில் கோழிகளுக்குப் பொழுது தெரிவதில்லை. உச்சிவேளையிலேயே அந்தி வந்துவிட்டதென்று கூட்டுக்குள் நுழையப் பார்க்கும். ஊரில் இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். மலாயாவில், செமோருக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் என் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். எங்களுக்குத் தந்த வீடு ரப்பர் மரங்களுக்கு அடியில் ஒண்டிக்கொண்டிருக்கிறது. வானத்தைப் பார்க்க வாசலுக்கு வரவேண்டும். வாசலுக்கு வந்தாலோ எதிர்மேட்டில் கிராணியின் வீடு தெரியும். காலையிலிருந்து மாலைவரை வெயிலெல்லாம் அங்கேதான் கொட்டும்.

கிராணி என்பவர் தோட்டத்து ஆபீஸ் கணக்கர். அவர் மனைவி தனம் என்னைவிடச் சற்று இளையவள். வேலியில் அவரை, பந்தலில் புடலை, ஓரமெல்லாம் கத்தரி என்று வளர்த்திருந்தாள். வெள்ளிக்கிழமை தோறும் எங்களுக்கு ஒரு முறம் காய் வரும். அவள் கொடுக்கக் கொடுக்க எனக்கு வயிறு எரிந்தது. "கிராணி வீட்டுக் கத்தரிக்காய்க்கு என்ன ருசி!" என்று என் கணவர் சொன்ன அன்று எனக்குச் சோறே இறங்கவில்லை.

நானும் மண்வெட்டியை எடுத்தேன். நான் பிறந்த தஞ்சாவூர்ப் பக்கத்து ஆற்றங்கரையில் வண்டல் மண். துப்பிய விதைகூட முளைத்துவிடும். தோட்டம் போடுவதை யாரும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. இங்கேயோ களிமண். மழை பெய்தால் காலைக் கவ்வும், காய்ந்தால் மண்வெட்டியைத் திருப்பி அடிக்கும். என் கத்தரிச் செடிகள் வெளிறி, ஒல்லியாக நெடுநெடுவென்று உயர்ந்தனவே தவிர ஒரு பூ வைக்கவில்லை.

கூடைகளைத் தோளில் காவிவந்து காய்கறி விற்கும் சீனரிடம் அரைகுறை மலாயில் கேட்டேன். அவர் மண்ணைக் கிள்ளிப் பார்த்து, "மாசாம்லா. தாரோ காப்பூர்" என்றார். மாசாம் என்றால் புளிப்பு, தாரோ என்றால் போடு. அதெல்லாம் எனக்குத் தெரியும். காப்பூர் என்றால் கற்பூரம் என்று நானே முடிவு செய்து, கடையில் வாங்கிப் பொடித்துப் பாத்தியெல்லாம் புதைத்தேன். கொல்லை கோயில்போல் மணத்தது.

வாசனையைப் பிடித்துக்கொண்டு தனம் வந்தாள். விஷயம் தெரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அக்கா, காப்பூர்னா சுண்ணாம்புக்கா! மண்ணுக்குத் திருஷ்டி கழிச்சிட்டீங்களே!"

வெயில்தான் அவளுடையது என்றால், மலாயும் அவளுடையதா? அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனாலும் சுண்ணாம்பு போட்டேன். மக்கிய இலையைக் கூடை கூடையாக அள்ளிவந்து கலந்தேன். தண்ணீர் தேங்காமல் பாத்தியை உயர்த்தினேன். மண் மெல்ல மெல்ல உதிரத் தொடங்கியது. கத்தரியை மறந்துவிட்டு, நிழலைப் பொறுக்கும் மஞ்சளும் சேம்பும் நட்டேன். மழைக்காலம் முடிவதற்குள் மஞ்சள் இலைகள் என் இடுப்புயரம் நின்றன. தனம் வந்து அவற்றைத் தடவிப் பார்த்து, "எங்க மேட்டுல மஞ்ச நட்டா கருகிப் போகுதுக்கா" என்றாள். அன்றிரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை. கிராணி வேலையை விட்டு ஊருக்கே திரும்புகிறார் என்று செய்தி வந்தது. அவள் வெயிலின்மேல் பட்ட பொறாமையெல்லாம் ஒன்றுமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பினாங்கில் கப்பலேறி நாகப்பட்டினத்தில் இறங்குவாள். என் அம்மா பேசுகிற மாதிரிப் பேசும் மனிதர்களுக்கு நடுவில் நடப்பாள்.

செமோர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது சொல்லியேவிட்டேன். "கொடுத்து வச்சவ நீ, தனம்."

அவள் கண் நிறைந்தது. "நீங்க வேற! அங்க மாமியாரு, ரெண்டு ஓரகத்தி, ஒரே அடுப்பு. ஒரு கீரை வெதைக்கக்கூட நான் கேட்டுத்தான் வெதைக்கணும். இங்க எனக்குன்னு ஒரு மண்ணு இருந்திச்சி. நீங்கதான்க்கா கொடுத்து வச்சவங்க."

ரயில் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

புதுக் கிராணி கல்யாணமாகாதவர். மேட்டுக் கொல்லையையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். இப்போது நான் காலையில் நிழலுக்கும் மாலையில் வெயிலுக்கும் தண்ணீர் ஊற்றுகிறேன். நேற்று மேட்டில் கத்தரிக்காய் பறித்துக்கொண்டிருந்தேன். வழியே போன ரப்பர்ப் பால்வெட்டும் பெண்ணொருத்தி என்னைத் தனமென்று நினைத்து, "ஊருக்குப் போகலியாம்மா?" என்று குரல் கொடுத்தாள். இல்லை என்று தலையாட்டிவிட்டு, மடியில் காய்களோடு கீழே பார்த்தேன். அங்கிருந்து மரங்கள்தான் தெரிந்தன. என் வீடு தெரியவில்லை.