பழையவங்க மேட்டில் ஊன்றிய சூலம்

பனியில் நனைந்த சாக்குத் துணியின் வாசனை எங்கிருந்து வந்தாலும், எங்கள் தோட்டத்து லய வீடுகளுக்கு மேலே தேயிலைச் செடிகளுக்கு நடுவில், பெரணி மூடி, கவிழ்த்த கூடை போலக் கிடந்த அந்த மண்மேடு எனக்கு நினைவுக்கு வந்துவிடும். எழுபதுகளின் கடைசி, எனக்கு ஒன்பது வயது. பெரியவர்கள் அதைப் "பழையவங்க மேடு" என்பார்கள். தன் பாட்டனுக்குப் பாட்டன் காலத்துக்கும் முந்தியவர்கள் அதற்குள் படுத்திருப்பதாக, காட்டுத்தேன் விற்க வரும், மலேசியப் பூர்வகுடியான ஓராங் அஸ்லி பெரியவர் சொல்லியிருந்தார். மழை கரைத்த ஓரத்தில் கயிற்றுத் தடம் பதிந்த பானை ஓடுகள் தெரியும். இடுப்பில் சாக்கு கட்டிக் கொழுந்து பறிக்கும் அம்மாவும் மற்றப் பெண்களும் அதை மிதிக்காமல் சுற்றித்தான் போவார்கள்.

லோரிப் பாதைக்காக மேட்டைத் தள்ளப்போகிறார்கள் என்று ஒருநாள் கங்காணி சொல்லிப் போனார். அம்மா அன்று சாப்பிடவில்லை.

"படுத்திருக்கவங்கள எழுப்பி எங்க போகச் சொல்றது?"

"தொர பொணத்துக்குப் பயப்பட மாட்டாரு புள்ள. கோயில்னா கை வைக்க மாட்டாரு லா," என்றார் அப்பா.

"எந்தச் சாமிக்குக் கோயிலு?"

"முனிக்குத்தான். வேற யாரு இந்தக் குளிருல வெளிய நிப்பா?"

ஞாயிறு காலை, அப்பா மேட்டின் உச்சியில் இரும்புச் சூலத்தை நிறுத்திச் சம்மட்டியால் அடித்தார். மூன்றாவது அடியில் உள்ளே ஏதோ உடைந்தது. வீட்டில் மண்சட்டி விழுந்தால் கேட்கும் அதே சத்தம். அப்பாவின் கை நின்றது. பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார்.

"கல்லுதான்," என்று சொல்லிவிட்டு மறுபடி அடித்தார்.

பாதை வளைந்து போனது, மேடு தப்பியது. அடுத்த முறை வந்த தேன்காரர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாகுஸ், பாகுஸ்" என்று மலாயில் பாராட்டிச் சிரித்தார். அப்பா அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

எண்பதுகளில் சூலத்துக்கு மேலே தகரக் கூரை வந்தது, பிறகு மேட்டில் சிமெண்டுத் தரை. பழம்பொருள்களை ஆராய்கிறவர்கள் இருவர் ஒருமுறை வந்து, கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாமா, பாதுகாக்க வேண்டிய இடமாக இருக்கலாம் என்று கேட்டார்கள். "சாமிய யாராச்சும் தோண்டுவாங்களா?" என்று சண்டைக்குப் போனவர்களில் அப்பாதான் முதல் ஆள். கடைசி வரை நாங்கள் இருவரும் அந்தச் சத்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

போன மாதம் என் மகளை அங்கே அழைத்துப் போனேன். பெரணி இல்லை, மேட்டின் வளைவும் இல்லை, பழையவங்க மேடு என்ற பேரைச் சொன்னால் தெரிந்தவர்களும் இல்லை. கோயிலின் பளபளக்கும் ஓடு பதித்த தரையில் அவள் தடதடவென்று ஓடினாள்.

"மெதுவா, மெதுவா நட!" என்று என்னை அறியாமல் கத்திவிட்டேன்.

"நான் விழ மாட்டேம்மா," என்றாள்.

அவள் விழுந்துவிடுவாள் என்று நான் கத்தவில்லை.