முட்டி வலிக்கு ஒரு ஜெபம்

இன்று காலை பலாங்கொடை பஸ்ஸில் மேரி அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். போன மாதம் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஜெபக் கூட்டத்தில், நான் வராத நாள் பார்த்து, "கலாவோட வீட்டுக்காரரு இன்னொருத்தியோட போயிட்டாரு, பாவம், அவளுக்காக ஜெபிங்க" என்று ஜெபக் குறிப்புக் கொடுத்தவர். மறுநாளே லயத்து வீடுகள் முழுக்க என் கதைதான்.

"முட்டி வலி தாங்க முடியல தங்கச்சி. எனக்காக ஒரு ஜெபம் பண்ணும்மா" என்றார்.

"இங்கேயே பண்றேன்க்கா."

அவர் தலையில் கையை வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்பா, இந்த மேரி அக்காவோட முட்டிய சுகமாக்குங்கப்பா. அதுக்கு முன்னாடி நாக்க சுகமாக்குங்கப்பா. அடுத்தவ வீட்டுக் கதைய ஜெபக் குறிப்புன்னு சொல்லி ஊரெல்லாம் பரப்புறாங்க, மன்னிச்சிடுங்கப்பா!"

சத்தமாகத்தான் ஜெபித்தேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. சிங்கள ஆட்களுக்கும் விளங்க வேண்டுமே என்று அதையே சிங்களத்திலும் ஒருமுறை ஜெபித்தேன்.

ஜெபத்தை நடுவில் நிறுத்தச் சொல்ல எந்த விசுவாசிக்குத்தான் மனசு வரும்? அக்கா கண்ணைத் திறக்காமலே "ஆமென்" என்றார். கொண்டக்டரும் சொன்னார்.

உங்களுக்கும் இப்படி அன்போடு ஜெபிக்க வேண்டியவர்கள் இருந்தால் பெயரைக் கமெண்டில் போடுங்கள். எனக்கு நாளைக்கும் பஸ் பயணம் இருக்கிறது.