என் சுகருக்கு என்ன கோடு?

சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்கு வந்த சுகர் லட்டு தின்று வந்ததல்ல, முட்டிவலி மாத்திரையால் வந்தது என்று ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் பெருமையடித்திருக்கிறேன்.

இன்று பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் அக்கா மகள். மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிறாள். அமெரிக்கக்காரர்களின் ஒவ்வொரு நோய்க்கும் அதற்குரிய கோடு எண்ணைப் போடுவதுதான் அந்த வேலை.

“என் சுகருக்கு என்னம்மா கோடு?”

“மாத்திரையால வர்ற சுகருக்குத் தனி கோடே இருக்கு மாமா. டாக்டர் சொல்லித்தானே சாப்பிட்டீங்க?”

“மெடிக்கல்ல நானே கேட்டு வாங்குனேன்.”

“அப்ப டாக்டர் சொல்லாம தின்னதுக்கு மொதல்ல விஷம்னு ஒரு கோடு போடணும். அப்புறந்தான் சுகரு.”

பந்தியில் சொல்லிக்கொள்ள இனி ஒன்றுமில்லை.

“கண்ணைக் காட்டிட்டீங்களா மாமா? கண்ணு பாதிச்சிருந்தா அந்தக் கோடும் மாறும்.”

“எனக்கென்ன? முன்சீட்டுக்காரர் போன்ல வர்ற மெசேஜையே இங்கேருந்து படிப்பேன்.”

முன்சீட்டுக்காரர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

உங்கள் வீட்டிலும் இப்படித் தனக்குத் தானே மருந்து எழுதிக்கொள்ளும் ஆள் இருந்தால் கீழே சொல்லுங்கள். மனைவி படித்துக் காட்டுவாள். இதை டைப் அடிப்பதும் அவள்தான்; ஒரு மாதமாக எனக்கு எழுத்து கலங்கலாகத் தெரிகிறது.