இருபத்திரண்டா, இருபத்து மூன்றா

காலை ஒன்பதே கால் ஆனால் இன்னமும் என் கண் கடிகாரத்துக்குப் போகும். பங்குச் சந்தை திறக்கிற நேரம் அது. மில்லில் சூப்பர்வைசர் வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் வீட்டில் உட்கார்ந்து ஆப்ஷன் டிரேடிங் செய்தேன். உண்மையில் அதுதான் என்னை வைத்துச் செய்தது. மதுக்கரை இடத்தை விற்று வங்கியில் போட்டிருந்த பணம் முழுக்கப் போனது. அதைவிடப் பெரிய தப்பு, போனதை எட்டு மாதம் மனைவியிடம் மறைத்தது. பணத்தைப் பற்றி எப்போது கேட்டாலும் "வந்துரும்" என்பேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மை போலத் தோன்றியதுதான் வெட்கக்கேடு.

தெரிந்தபோது அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது. ஒரே ஒரு பேச்சுதான் பேசினாள்: "போனது போகட்டுமுங்க. இனி எதா இருந்தாலும் அன்னைக்கே சொல்லிப்போடுங்க. இன்னொருக்கா நானாத் தெரிஞ்சுக்கிட்டேன்னா, புள்ளையக் கூட்டிக்கிட்டு எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவேன்." அவள் மிரட்டுகிற ஆள் இல்லை. சொன்னால் செய்கிற ஆள்.

அதற்குப் பிறகுதான், நாற்பத்தொரு வயதில், கணபதிப் பகுதியில், எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றும் ஒரு ரீவைண்டிங் பட்டறையில் வேலை பழகச் சேர்ந்தேன். ஓனர் என்னைவிட ஒன்பது வயது இளையவர். என்னை "அண்ணா" என்றுதான் கூப்பிடுவார். அந்த மரியாதையோடேயே என் வேலையைப் பிரித்து எறிந்துவிட்டு மறுபடி செய்யச் சொல்வார்.

போர்வெல்லுக்குள் இறக்குகிற சப்மெர்சிபிள் மோட்டாருக்குக் கையால்தான் கம்பி சுற்ற வேண்டும். உள்வட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு ஸ்லாட்டிலும், அதாவது காடியிலும், கம்பியை நுழைத்து இழுத்து, மறுபடி நுழைத்து இழுத்து, இருபத்தெட்டு சுற்று என்றால் இருபத்தெட்டு. மெஷின் எண்ணாது, வாய்தான் எண்ணும். அதனால் எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். கம்பி சுற்றுகிறவனை யார் கூப்பிட்டாலும் அவன் தான் எண்ணிக்கொண்டிருக்கும் எண்ணைச் சத்தமாகச் சொல்வான். கூப்பிட்டவர் புரிந்துகொண்டு போய்விடுவார். ஒருமுறை மனைவி கூப்பிட்டபோது போனை எடுத்து "பதினாலு" என்று சொல்லிவிட்டு வைத்தேன். அது ஏதோ பங்கின் விலை, டிரேடிங் மறுபடி ஆரம்பித்துவிட்டேனோ என்று அவள் அன்று முழுக்கத் தவித்திருக்கிறாள்.

எண்ணிக்கை விட்டுப்போனால் கம்பியை முழுக்க உருவிவிட்டு ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதில் பேச்சுக்கே இடமில்லை.

அந்தப் புதன்கிழமை பதினோராவது ஸ்லாட்டில் இருந்தேன். தலையைத் தூக்கினால் சுவர்க் கடிகாரம் ஒன்பதே காலைக் காட்டியது. டிரேடிங் செயலியைப் போனிலிருந்து எடுத்து மாதக்கணக்கு ஆகிறது. ஆனாலும் கை தானாகப் பாக்கெட்டைத் தடவியது. குனிந்தபோது எண் இல்லை. இருபத்திரண்டா, இருபத்து மூன்றா?

அந்த வாரம் ஏற்கெனவே இரண்டு முறை உருவியிருந்தேன். மூன்றாம் முறை ஓனர் முகத்தில் எப்படி விழிப்பது? இருபத்து மூன்று என்று நானாக வைத்துக்கொண்டு மேலே சுற்றினேன். சாயங்காலம் தண்ணீர்த் தொட்டியில் போட்டு டெஸ்ட் செய்தார்கள். பாஸ். ஒரு சுற்று குறைந்தால் மீட்டரில் தெரியாது என்று எனக்குத் தெரியும். குறைந்திருக்கிறதா இல்லையா என்றுதான் தெரியாது. வீட்டுக்குப் போய் வாய் திறக்காமல் சாப்பிட்டுப் படுத்தேன்.

மறுநாள் மோட்டாரோடு வெள்ளகோவில் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனோம். ஓனருக்குத் தூரத்துச் சொந்தமான ஓர் அம்மாவின் தோட்டம். மோட்டார் எரிந்து ஐந்து நாளாக சின்ன வெங்காயம் தண்ணீர் இல்லாமல் தாள் மடங்கிக் கிடந்தது. வழி முழுக்க, காங்கயம் தாண்டியும், அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எழுநூறு அடி ஆழத்தில் அது சூடாகி எரிந்தால் மறுபடி கிரேன் வண்டியை வரவழைத்து, குழாயை ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே தூக்க வேண்டும். அதற்குள் வெங்காயம் போயிருக்கும், ஓனருடைய பேரும் போயிருக்கும்.

வண்டிக்காரர்கள் மோட்டாரைச் சங்கிலியில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா என் பக்கத்தில் வந்து நின்று, "ஏனுங்க, பொழுதுக்குள்ள தண்ணி வந்துருமுங்களா?" என்றார்.

"வந்துரும்" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எட்டு மாதம் சொல்லிப் பழகிய சொல், தானாக வருகிறது. அதை விழுங்கினேன். ஓனரிடம் போய், "தம்பி, இறக்க வேண்டாமுங்க. பதினோராவது ஸ்லாட்டுல எண்ணிக்கைய உட்டுப்போட்டேன். நானா ஒரு நம்பரை வெச்சுக்கிட்டேன்" என்றேன்.

அவர் வண்டிக்காரர்களைக் கையமர்த்தினார். மோட்டாரைச் சங்கிலியிலிருந்து கழற்றச் சொன்னார். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. நேற்றே சொல்லியிருந்தால் பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் கேட்டு வாங்கியிருப்பேனே என்று மட்டும் சொல்லிவிட்டு வயல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சுற்றிய மோட்டாரில் எண்ணிக்கை பார்க்க ஒரே வழி, ஒரு பக்கத்துக் கம்பியை அறுத்துவிட்டு ஸ்லாட்டில் தெரியும் முனைகளை எண்ணுவதுதான். அறுத்தால் அந்தச் சுருள் குப்பைக்கு. பட்டறைக்குத் திரும்பியதும் ஓனரே அறுத்தார். நான் எண்ணினேன். நம்பாமல் அவரும் எண்ணினார். இருபத்தெட்டு. சரியாகத்தான் சுற்றியிருந்தேன்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நல்ல மோட்டாரை நானே வாய்விட்டுக் கெடுத்திருக்கிறேன். அவர் புதுக் கம்பியை என் முன்னால் வைத்து, "சரியா இருந்துச்சுங்கறதுக்காக அடுத்த தடவை சொல்லாம இருந்துறாதீங்கண்ணா" என்றார்.

சாயங்காலம் வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணிக்கை சரியாக இருந்ததைச் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவள் கேட்டது வேறு. "நேத்தே ஏன் சொல்லலீங்க?"

பயமாக இருந்தது என்றேன். அவள் பூரிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். வெகுநேரம் பிசைந்தாள். அம்மா வீட்டுக்குப் போகிற பேச்சு வரும் என்று நான் அடுப்பங்கரை வாசலிலேயே நின்றேன்.

"அந்தம்மாவுக்கு எப்பத் தண்ணி வரும்?" என்றாள்.

"சனிக்கிழமை" என்றேன்.

சரி என்று தலையாட்டினாள். உண்மையாகவா என்று கேட்கவில்லை, என் முகத்தைக்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. பணம் போனது தெரிந்த பிறகு நான் சொன்ன ஒரு வார்த்தையை அவள் அப்படியே எடுத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். நம்பிவிட்டாளே, இனி சனிக்கிழமை தண்ணீர் வந்தே ஆக வேண்டுமே என்றுதான் பயமாக இருந்தது.