பிரிண்டில் மட்டும் வந்த ஈரம்

சப்போர்ட் வேலையில் இருக்கிறவனுக்கு மகா எரிச்சலான வாக்கியம் ஒன்று உண்டு. "நீங்க வந்தா மட்டும் நல்லா ஓடுது சார்." கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஜமுனாமரத்தூரில் ஒரு உழவர் குழுவின் சாமை கொள்முதல் நிலையத்துக்குப் போனபோதும் இதைச் சொல்லித்தான் வரவேற்றார்கள். மலைப்பாதையின் வளைவுகளில் பஸ் போட்ட ஆட்டத்தில் என் இடுப்பு ஏற்கெனவே கழன்றிருந்தது.

அங்கே வேலை நடக்கும் விதம் இது. காலையில் விவசாயிகள் மூட்டையை இறக்கி, பெயர் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆபரேட்டர் சங்கீதா ஒவ்வொரு மூட்டையிலும் ஈரம் பார்க்கிற மீட்டரைக் குத்தி எடுப்பார். மாலையில் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராமை ஓட்டினால், மீட்டரில் இருக்கும் அளவுகளைப் படித்து, வந்த வரிசைப்படி பெயர்களைக் காட்டும். ஈரமான மூட்டை என்றால் அந்தப் பெயருக்குக் கீழே "ஈரம் அதிகம், திருப்பவும்" என்று ஓர் எர்ரர் வரி விழும். ஒருமுறை ஓட்டியதும் மீட்டரில் உள்ளது அழிந்துவிடும். இதை எழுதிய புண்ணியவான் எப்போதோ கம்பெனியை விட்டுப் போய்விட்டார். அவர் வைத்துவிட்டுப் போனதெல்லாம் என் தலையில்தான் விடியும்.

நெல்லிவாசல்நாட்டுச் சின்னப்பொண்ணு என்கிற பெண்மணியின் சாமை வாராவாரம் ஈரம் என்று திரும்பிக்கொண்டிருந்தது. அவர் சண்டை போட்டதால்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"தண்ணி தெளிச்சி எடை ஏத்துது சார் அந்தம்மா" என்றார் மேனேஜர். "நாளைக்குக் கூட்டத்துல குழுவுலேருந்து எடுத்துடப் போறோம். புரோகிராம்ல தப்பு இல்லன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டுப் போங்க, போதும்."

சின்னப்பொண்ணு வாசலில், திரும்பிவந்த மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். "நான் இன்னாத்துக்கு சார் தண்ணி ஊத்தப்போறேன்? ஊத்துனா பூஞ்சை புடிச்சிப்பூடும். குழுவுலேருந்து எடுத்துட்டா யாவாரி கிட்டதான் போவணும். அவன் சொன்னதுதான் வெல. வூட்டுல அடுப்பு எரிய வேணாமா?"

நான் மூன்று டம்ளரில் சாமை வாங்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் கொடுத்து, நடு டம்ளரில் மட்டும் தண்ணீர் தெளித்து, நான் கையோடு கொண்டுவந்த இன்னொரு மீட்டரைக் குத்தி ஓட்டினேன். திரையில் மூன்று பெயர்கள். நடுப் பெயருக்குக் கீழே எர்ரர். திரும்பத் திரும்பக் குத்தி ஓட்டினேன். ஒவ்வொரு தடவையும் சரியாகவே வந்தது. சரி, கேட்டதை எழுதிக் கொடுத்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிப்போம் என்று பேனாவை எடுத்தேன். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு எனக்கு எதையும் துருவ உடம்பில் தெம்பில்லை.

அதற்குள் சங்கீதா அன்றைய மூட்டைகளுக்கு ஓட்டினார். பிரிண்டர் இரைந்தது. மேனேஜர் தாளை என் முன்னால் நீட்டினார். மேலே வரிசையாக மூன்று "ஈரம் அதிகம்". அதற்குக் கீழே முதல் பெயர், சின்னப்பொண்ணு.

"பாருங்க, ஒருத்தருக்கே மூணு வாட்டி! எவ்ளோ தண்ணி ஊத்தியிருக்கணும்?"

எனக்கு உறுத்தியது வேறு. பிரிண்டர் இரைந்தபோது திரையில் ஒரு வரிகூட ஓடவில்லை.

"ஏம்மா, ஸ்க்ரீன்ல ஒண்ணும் வரலையே?"

"பிரிண்டர் வந்ததுலேருந்து இப்டிதான் சார். எல்லாத்தையும் ஃபைலுக்கு அனுப்பி, அங்கேருந்து பிரிண்ட் எடுத்துடுவேன். முன்னெல்லாம் ஸ்க்ரீனைப் பாத்துப் பாத்து எழுதணும், கை வலிக்கும்."

பேனாவை மூடினேன். அதே மூன்று டம்ளர்களை மறுபடி குத்தி, சங்கீதாவை அவர் முறையிலேயே ஓட்டச் சொன்னேன். தாளின் உச்சியில் எர்ரர், அதற்குக் கீழே மூன்று பெயர்கள். ஈரமாக இருந்தது நடு டம்ளர். பழி விழுந்தது முதல் டம்ளர்மேல்.

இளசுகள் கவனிக்க. திரையில் ஓடும்போது புரோகிராம் ஒவ்வொரு வரியையும் உடனே அனுப்பிவிடும். ஃபைலுக்கு என்றால் பஃபர் என்கிற தற்காலிக இடத்தில் சேர்த்து வைக்கும். ஷேர் ஜீப் மாதிரி, ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். எர்ரர் மட்டும் யாருக்கும் காத்திருக்காமல் பைக்கில் போய்விடும். அதனால் பின்னால் பிறந்த எர்ரர் தாளில் முன்னால் போய் உட்காரும். அதற்கு மேலே பெயரே இல்லாததால், கீழே இருந்த முதல் பெயருக்கே இவர்கள் கணக்கு வைத்துவிட்டார்கள். எந்த வாரம் யார் சாமை நனைந்திருந்தாலும், இருட்டோடு கிளம்பி முதல் ஆளாக வருகிற சின்னப்பொண்ணு பெயருக்கு மேலேதான் அது விழுந்தது. சீக்கிரம் வந்ததுதான் அவர் செய்த குற்றம்.

பஸ் போய்விட்டது. அங்கேயே தங்கி, ஒவ்வொரு பெயரையும் அச்சிட்டவுடன் ஃப்ளஷ் செய்து, அதாவது காக்க வைக்காமல் வெளியே தள்ளி, அனுப்புகிற மாதிரி ஒரு வரி சேர்த்தேன். அத்தோடு, எர்ரர் வரிக்குள்ளேயே ஆள் பெயரையும் போட்டேன். பக்கத்து வரியை நம்பி எர்ரர் எழுதாதீர்கள். யாரைச் சொல்கிறது என்பதை அதுவே சொல்லட்டும். இத்தனை வருஷ வேலையில் நான் சொல்லிக் கொடுக்கக்கூடியது இவ்வளவுதான்.

மறுநாள் கூட்டத்தில் மேனேஜர் எழுந்து, "மிசின் பண்ண தப்புங்க, யாரும் மனசுல வச்சிக்காதீங்க" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் கிளம்பப் பார்த்தேன்.

சின்னப்பொண்ணு எழுந்தார். "மிசின் சொல்லிச்சின்னு என்னத் திட்னீங்க. இப்ப மிசினத் திட்றீங்க. இத்தினி பேரு சாமை வெதைக்கிறவங்கதானே? எம் மூட்டைல கைய வுட்டுப் பாத்தது யாரு?"

அவரே மூட்டையை அவிழ்த்து, இரண்டு கையாலும் சாமையை அள்ளி, வரிசையில் ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்றார். ஒவ்வொருவராக எடுத்துக் கடித்துப் பார்த்தார்கள். மேனேஜரிடம் கடைசியாக வந்தார். அவர் நாலு மணியை வாயில் போட்டார். கடுக்கென்று சத்தம் கேட்டது.

"காஞ்சிதாம்மா இருக்குது" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. மன்னிப்பு என்று அங்கே யாரும் கேட்டது அவ்வளவுதான்.