மகேஸ்வரி அக்கா தனியாகக் கையெழுத்திட்ட கடிதம்

மாம்பலம் ஸ்டேஷன் படியில் இறங்கிக்கொண்டிருந்தபோது மகேஸ்வரி அக்காவின் எண்ணிலிருந்து போன் வந்தது. பேசியது அவருடைய தம்பி குமார்.

"அண்ணா, அக்கா பூட்ச்சி. காலைல நெஞ்சு வலிக்குதுன்னுச்சு. ஆட்டோல ஏத்தறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிட்ச்சி. ரெண்டு மணிக்கு எடுக்கறோம். உங்க கம்பெனில யார்னா வராங்களான்னு கேட்டுச் சொல்லுங்கண்ணா."

கேட்டேன். என்னைத் தவிர யாரும் வரவில்லை. அன்று மாலை எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் மட்டும் வந்தது: நம் குடும்பத்தில் ஒருவரை இழந்துவிட்டோம். அந்தக் குடும்பம் ஐந்து வருடம் அவர் கழுத்தில் சாம்பல் நிற அடையாள அட்டைப் பட்டியை மாட்டி வைத்திருந்தது. நமக்கு நீலம், ஒப்பந்த ஆட்களுக்குச் சாம்பல். சாம்பல் பட்டிக்காரர்கள் நாம் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் கேன்டீனுக்குள் வர வேண்டும். இதை எழுதும் நானும் முதல் பந்தியில் சாப்பிட்டவன்தான்.

ஆய்வகத்தில் அவருடன் உட்கார்ந்தவர்களுக்கு இந்தக் கதை அரைகுறையாகத் தெரியும். முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

மடிக்கணினியில் டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே ஓர் இணைப்பு இருக்கிறது. தரவு எதுவும் போகாதபோது அந்த இணைப்பைத் தூங்க வைத்தால் பேட்டரி மிச்சமாகும். எப்போது தூங்க வைப்பது, எப்போது எழுப்புவது என்று முடிவு செய்யும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். அதை எழுதுவது என் வேலை. மகேஸ்வரி அக்காவின் வேலை அதைச் சோதித்துப் பார்ப்பது. அவர் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்தவர். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஹவுசிங் போர்டு வீடு. நாங்கள் செய்த கணினிகள் பெரும்பாலும் கல்லூரிகளுக்குப் போயின. மாணவர்கள் தவணையில் வாங்கினார்கள். அட்டைப்பெட்டியில் பேட்டரி நேரத்தைப் பெரிதாக அச்சடித்திருந்தோம். அந்த எண்ணை எட்டுவதற்காகத்தான் இணைப்பை இருப்பதிலேயே ஆழமான தூக்கத்துக்கு அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். நடுவில் டிஸ்க் வாங்கும் இடத்தை மாற்றினார்கள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கொஞ்ச நாளில் புகார்கள் வந்தன. எழுதியது சேமிக்கப்படவில்லை, அணைத்துப் போட்டால் எல்லாம் போய்விட்டது என்றார்கள். கணினியில் நடப்பதையெல்லாம் குறித்துக்கொண்டே இருக்கும் 'லாக்' பதிவோடு ஆய்வகத்தில் வாரக்கணக்கில் ஓட்டிப் பார்த்தோம். ஒருமுறைகூட அப்படி நடக்கவில்லை. 'பயனர் தவறு' என்று எழுதிப் புகார்களை மூடினேன். மூடியவன் நான். மேலாளர் அதற்குத் தலையாட்டினார்.

அக்கா மட்டும் ஒரு மதியம் மேற்கு மாம்பலத்தில் இருந்த எங்கள் சர்வீஸ் கடைக்குப் போனார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அங்கே ரேவதி என்ற பெண் அழுதுகொண்டிருந்தாள். இறுதியாண்டு மாணவி. திட்ட அறிக்கையை ஒப்படைக்க வேண்டிய நாளில் அறிக்கை காணாமல் போயிருந்தது. கவுன்ட்டர்காரர் அவளிடம், "சேவ் பண்ணக்கூடத் தெரியாம ப்ராஜெக்ட் பண்ண வந்துட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. "இன்னா அமுக்கினன்னு நான் கேக்க மாட்டேன். அமுக்காத நேரத்துல இன்னா பண்ணினு இருந்த? அத்தச் சொல்லு."

ரேவதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "யோசிச்சிட்டு இருந்தேன் மேடம். எனக்கு இங்கிலீஷ் சட்டுனு வராது. ஒரு வரி எழுதிட்டு, அடுத்த வரிக்கு ரொம்ப நேரம் யோசிப்பேன்."

ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்தோம். அக்கா ஆய்வகத்துக்குள் நுழைந்ததும், "நம்ம லாக் எல்லாம் எங்க போய் எழுதுது நைனா?" என்று கேட்டார்.

"அதே டிஸ்க்லதான்."

"எத்தினி செகண்டுக்கு ஒருக்கா?"

"ஒரு செகண்டுக்கு ஒருக்கா."

"அப்ப அது எப்டி தூங்கும்? நம்ம வேவு பாக்கறதாலதான் முழிச்சினுகீது. கண்ண எடு."

அத்தனை வாரமும் ஆய்வகத்தில் ஒருவருக்கும் தோன்றாத விஷயம் இது. எல்லோரும் பெரிய கல்லூரிகளில் படித்தவர்கள். பழுதைப் பிடிக்க வைத்திருந்த கண்காணிப்பே பழுது வராமல் காத்துக்கொண்டிருந்தது. அக்கா லாக்கை வேறொரு கணினிக்குத் திருப்பிவிட்டார். தானாகத் தட்டிக்கொண்டே இருக்கும் சோதனை நிரலை நிறுத்தினார். ஒரு வரி தட்டுவார், பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான்காவது முறை டிஸ்க் எழுந்திருக்கவில்லை. புது டிஸ்க் ஆழமான தூக்கத்திலிருந்து எழ நாங்கள் விட்டிருந்த நேரம் போதவில்லை. காத்துப் பார்த்த டிரைவர் டிஸ்க்கே இல்லை என்று முடிவுகட்டிவிட்டது. திரையில் எழுத்து தெரிந்துகொண்டே இருந்தது, தட்டத் தட்ட வந்துகொண்டும் இருந்தது. எதுவும் எங்கேயும் பதியவில்லை.

மேலாளர் வந்து பார்த்தார். "நம்ம டெஸ்ட்ல இது வரலையே?"

"உங்க டெஸ்ட்டு யோசிக்கவே யோசிக்காது சார். யோசிக்கறவங்களுக்குத்தான் இது புட்டுக்குது."

நான்கு பேர் சிரித்தார்கள். மேலாளர் சிரிக்கவில்லை. இதைச் சரிசெய்ய ஒரு வரி போதும். ஆழமான தூக்கத்துக்கு லாயக்கில்லாத டிஸ்க்குகளின் பட்டியல் ஒன்று டிரைவரில் உண்டு. அதில் இந்த மாடலின் பெயரைச் சேர்த்தால் அது லேசான தூக்கத்தோடு நின்றுவிடும். ஆனால் பேட்டரி நேரம் குறையும், பெட்டியில் அச்சடித்த எண் பொய்யாகும். அந்த எண்ணுக்காக இரண்டு மாதம் இழுத்தடித்தார்கள். கடைசியில் 'செயல்திறன் மேம்பாடு' என்று பெயர் வைத்து ஓசையில்லாமல் அனுப்பினார்கள். ஒப்பந்த ஆட்களுக்கு நிரலில் கை வைக்க அனுமதி கிடையாது. அதனால் அந்த வரி என் பெயரில் போனது. எனக்குக் கைதட்டினார்கள். மேடையேறி ஒரு கண்ணாடிக் கேடயம் வாங்கினேன். சாம்பல் பட்டிகளை அந்த அரங்குக்குள் விடவில்லை.

அந்த இரண்டு மாதத்துக்குள் ரேவதியின் கல்லூரி அவளை நம்ப மறுத்துவிட்டது. அவள் அறிக்கையை எழுதவே இல்லை, கதை விடுகிறாள் என்றார்கள். கணினியில்தான் பழுது என்று கம்பெனியிலிருந்து கடிதம் வாங்கி வந்தால் அறிக்கையை மறுபடி எழுத நேரம் தருவோம், இல்லையென்றால் அடுத்த வருடம்தான் என்றார்கள். அவள் எங்கள் வாசலுக்கு மூன்று முறை வந்தாள். கடிதம் தர முடியாது என்று மேலாளர் சொல்லிவிட்டார். ஒருத்திக்குத் தந்தால் எல்லோரும் வருவார்களாம். வரத்தானே வேண்டும்? எல்லோருடைய எழுத்தும்தானே போனது?

அக்கா தானே கடிதம் எழுதினார். வெள்ளைத்தாளில், கையால். எந்த மாடல், எப்படிச் சோதித்தேன், என்ன நடந்தது என்று ஒரு பக்கம். கீழே, சோதித்தவர் என்று தன் பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அதற்குக் கீழே, டிரைவரை எழுதியவர் என்று போட்டு ஓர் இடம் விட்டிருந்தார். சாயங்காலம் நாலு மணிக்கு என் மேஜைக்கு வந்தார்.

"ஒரு கையெழுத்து போடு நைனா. நான் சொன்னா யாருன்னு கேப்பானுங்க. நீ போட்டா நிக்கும்."

"மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"கேட்டா போட வுடுவாரா?"

"நாளைக்குப் பார்க்கலாம் அக்கா."

"நாளைக்குக் கடைசி நாளு. பரவால்ல. எடம் அப்டியே கீது. மனசு வந்தா ஆறு மணிக்குள்ள சொல்லு."

ஆறு மணிக்கு நான் பின்பக்கப் படி வழியாக இறங்கிப் போனேன்.

கல்லூரியில் கேட்டார்களாம்: யார் இந்த மகேஸ்வரி? இன்ஜினியரா? கம்பெனி முத்திரை எங்கே? கீழே ஏன் காலியாக இருக்கிறது? அதோடு நிற்காமல் எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தும் விசாரித்தார்கள். திங்கட்கிழமை காலை அக்கா வாசலிலிருந்து என்னைக் கூப்பிட்டார். "கார்டு வெச்சா பச்ச லைட்டு எரியல. என் டிஃபன் பாக்ஸ் மேலகீது, எடுத்தாந்து குடு." கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். ரேவதிக்கு ஒரு வருடம் போனது. வேலைக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்த இடமும் போனது.

பிறகு அக்கா பாண்டி பஜார் பக்கம் ஒரு ரிப்பேர் கடையில் வேலை பார்த்தார். போன வருடம் அங்கே போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆரம்பிக்கும்போதே, கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் காட்டி நிறுத்தினார்.

"உனுக்கு பயம். எனுக்கு மட்டும் இல்லியா? நானும் பயந்துகினுதான் போட்டேன். டீ சொல்லட்டா?"

திட்டியிருந்தால் நிம்மதியாகத் திரும்பி வந்திருப்பேன். இன்றுவரை எனக்கு ஆறாத கோபம் அந்த டீயின் மேல்தான். மேலாளர் மேல் கோபப்படுவது சுலபம், அதைத் தினமும் செய்கிறேன். அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. கல்லூரி அடுத்த ஆண்டும் அதே கணினிகளை வாங்கியது. பெட்டியில் அதே எண்தான் இருக்கிறது. இதெல்லாம் நம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே சம்பளம் வாங்குகிறோம்.

அவரைப் பற்றி எழுதித் தரும்படி அலுவலக இதழில் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். கடிதம் பற்றிய பகுதியை எடுத்துவிட்டு, 'சிரித்த முகம்', 'கடின உழைப்பு' என்று ஏதாவது சேர்க்கச் சொன்னார்கள். அதனால்தான் இதை உங்களுக்கு நேராக அனுப்புகிறேன். அவருக்குச் சிரித்த முகமெல்லாம் கிடையாது.

அன்று அக்காவை எடுத்து முடிந்து அவர் வீட்டுக்குத் திரும்பியதும் குமார் ஒரு பிளாஸ்டிக் ஃபைலை என் கையில் கொடுத்தான். "ஆபீஸ் பேப்பர் மாதிரி கீது, பாருங்கண்ணா." உள்ளே அந்தக் கடிதத்தின் ஜெராக்ஸ் இருந்தது. அவர் பெயர், கையெழுத்து, அதற்குக் கீழே எனக்கு விட்ட இடம்.

நண்பன் ஒருவனிடம் காட்டினேன். இப்போதாவது கையெழுத்தைப் போட்டுவிடு, மனசு ஆறும் என்றான். என் மனசு ஆறுவதற்காக அவர் அந்த இடத்தை விடவில்லை. ரேவதிக்காக விட்டார், ஒரு சாயங்காலம் ஆறு மணி வரைக்கும். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தத் தாள்தான். அதில் இனி நான் எதுவும் எழுத மாட்டேன்.