கேரல் வராத வீடு

ஆறுதல் சொல்ல வருகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்த காலம் அது. செருப்பைக் கழற்றும்போதே முகத்தையும் மாற்றிக்கொள்வார்கள். குரலைத் தாழ்த்தி, படுக்கையறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எப்படி இருக்காங்க?" என்று என்னிடம் கேட்பார்கள். என் கணவர் அங்கேதான், அவர்களுக்கு எதிரே இருக்கும் நாற்காலியில், அவர்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு ஜெபம். பிறகு பிஸ்கட். போகும்போது வாசலில் நின்று, கர்த்தருக்குள் எப்போதும் சந்தோஷமாக இருக்கச் சொல்லும் அந்த வசனத்தை என் தலையில் வைத்துவிட்டுப் போவார்கள்.

அந்த வசனத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதை எழுதியவர் சிறைக்காவலில் கிடந்துகொண்டு எழுதினார். வெளியே நின்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, உள்ளே கிடக்கிறவனுக்கு எழுதிப் போடவில்லை. அந்த வித்தியாசம் எங்கள் சபையில் ஒருவருக்கும் தெரியாதது எப்படி என்பதுதான் என் கோபம்.

ஒரு மழைக்காலக் காலையில் சவரம் செய்துகொண்டிருந்த என் கணவர் கண்ணாடி முன்னால் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கை போயிற்று, வலது கால் பாதி திரும்பி வந்தது, பேச்சு திரும்பவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும், சொல்ல நினைப்பது வாய்க்கு வராது என்று டாக்டர் சொன்னார். மிஞ்சியது ஒரே ஒரு சொல், ‘சரி’ என்கிற ஹிந்தி அச்சா. பாதி ஆயுளை டெல்லியில் கழித்தும் வீட்டுக்குள் யாராவது ஹிந்தி பேசினால் முறைக்கிற திருநெல்வேலிக்காரருக்கு ஆண்டவர் விட்டுவைத்தது அந்தச் சொல்தான். பசித்தாலும் அச்சா, கோபம் வந்தாலும் அச்சா. ஒருநாள் கிரெடிட் கார்டு விற்கும் பெண் போனில் அழைத்தபோது இவர் எடுத்துவிட்டார். அவள் சொன்னதற்கெல்லாம் அச்சா, அச்சா என்று எவ்வளவு அழகாகத் தலையாட்டினார்! முகவரி கேட்டாள், அதற்கும் அச்சா. கடைசியில் அவளே வைத்துவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். எங்கள் வீட்டில் சிரிப்பு இல்லாமல் போகவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அந்த மாதங்களில் நான் ஜெபித்தேன் என்று சொன்னால் அது பொய். சண்டை போட்டேன். பாத்திரம் துலக்கும்போது, அவருக்கு இடது கையால் சாப்பிடப் பழக்கும்போது, மருந்துக்கடை வரிசையில் நிற்கும்போது, வாயைத் திறக்காமல் ஆண்டவரோடு மல்லுக்கு நின்றேன். ஆனால் ஒருநாள்கூடப் பேசாமல் இருந்ததில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசாமல் இருப்பவள்தான் விசுவாசத்தை விட்டவள். கத்துகிறவள் எதிரில் ஆள் இருக்கிறது என்று நம்பித்தானே கத்துகிறாள்.

டிசம்பருக்குள் அவர் கைத்தடியோடு படி இறங்கப் பழகியிருந்தார். ஜனக்புரியில் எங்கள் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்காக மட்டும் இறங்குவோம். எங்கள் தமிழ்ச் சபைக்கு அந்தக் கோயில் கிடைப்பது மதியத்துக்கு மேல்தான், ஹிந்தி ஆராதனையும் இங்கிலீஷ் ஆராதனையும் முடிந்த பிறகு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரை நான் கோயிலில் பார்த்தது பாடகர் குழுவில், பின் வரிசையில், பேஸ் என்கிற அடிக்குரலில் பாடுகிறவர்கள் நிற்கும் ஓரத்தில். இப்போது வாசல் பக்கத்துக் கடைசி பெஞ்சில் என் அருகே உட்கார்ந்தார். படிகளில் ஏற வேண்டாமே என்று அக்கறையாக அந்த இடத்தைக் கொடுத்தார்கள்.

டிசம்பர் முதல் ஞாயிறு, ஆராதனை முடிவில் செக்ரட்டரி எழுந்து, கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீடு வீடாகப் போய்ப் பாடுகிற கேரல் ரவுண்ட்ஸ் அறிவிப்பை வாசித்தார். எந்தச் சனிக்கிழமை எந்தப் பகுதி, எந்த வீட்டுக்குப் பிறகு எந்த வீடு. ஜனக்புரி வந்தபோது என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கள் பக்கத்துக்கு எப்போதும் கடைசி வீடு எங்களுடையதுதான். பாடிக் களைத்து வருகிறவர்களுக்கு இடியாப்பமும் ஆட்டுக்கறிக் குழம்பும் நான்தான் வைப்பேன். செக்ரட்டரி எங்கள் பிளாக்குக்கு முந்தைய பிளாக்கைச் சொன்னார், பக்கத்துப் பிளாக்கைச் சொன்னார், ஜெபத்தோடு முடிகிறது என்றார். அதன் பிறகு அடுத்த சனிக்கிழமைக்குப் போய்விட்டார்.

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். காதில் சரியாக விழவில்லையோ என்று கேட்கிற பார்வை.

ஆராதனைக்குப் பிறகு வெளியே டீ கொடுப்பார்கள். நான் நேராகச் செக்ரட்டரியிடம் போனேன். என்னைவிட இளையவர், டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவர், கெட்ட மனுஷர் இல்லை.

"எங்க வீடு விட்டுப்போச்சே தம்பி."

"விட்டுப்போகல அக்கா. கமிட்டில பேசித்தான் முடிவு பண்ணோம். அண்ணன் இருக்கிற கண்டிஷன்ல பாட்டக் கேட்டா மனசு உடைஞ்சு போயிருவாங்க. துக்கம் இருக்கிற வீட்டுல நாம டிரம் அடிக்கிறதில்லையே."

எங்கள் ஜனத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டுக்கு அந்த வருடம் கேரல் போகாது. போனாலும் சத்தமில்லாமல் ஜெபித்துவிட்டு வந்துவிடுவார்கள். அந்தக் கணக்கில் என் கணவரைச் சேர்த்திருக்கிறார்கள். அவர் பத்தடி தள்ளி, இடது கையில் டீயைப் பிடித்துக்கொண்டு, உயிரோடு நிற்கிறார்.

"துக்க வீடா? யாரு செத்துப்போனா எங்க வீட்டுல? என்ன சொல்லுதிய நீங்க?"

"அரே, நான் அந்த மீனிங்ல சொல்லல அக்கா. ஜனவரில நாலு பேர் அமைதியா வந்து ஜெபம் பண்றோம். சந்தோஷம் உள்ளுக்குள்ள இருந்தா போதும்."

"உள்ளுக்குள்ளயே கெடக்கதுக்கு அது என்ன பித்தப்பைக் கல்லா?"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் சுண்டிவிட்டது. "வேணும்னா வர்றோம் அக்கா. டிரம் இல்லாம, மெதுவா ஒரே ஒரு பாட்டு" என்றார்.

"ஒண்ணும் வேண்டாம். ஒருத்தரும் எங்க வீட்டுப் படி ஏற வேண்டாம்."

சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிய பிறகுதான் உறைத்தது. வாய்க்கு வந்ததைப் பேசி, வர இருந்ததையும் வரவிடாமல் செய்துவிட்டேன். என் கணவர் ஆட்டோவின் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் ஏதோ கொறித்தார். உடற்பயிற்சி செய்துவைக்க வருகிறவர் கையை நீட்டச் சொன்னால் நீட்டவில்லை. அவருக்கு இந்தக் கிறிஸ்துமஸ் போய்விட்டது, அதோடு வேறு ஏதோ ஒன்றும் போய்க்கொண்டிருந்தது. அதை நிறுத்த வேண்டும், எப்படி என்று தெரியாது. ஆண்டவரிடம் கேட்டேன் என்று எழுத ஆசைதான். கேட்கவில்லை, அதட்டினேன்.

கேரல் நாளன்று கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மா மாடிப்படியில் என்னைப் பார்த்து, "பெஹன்ஜி, இந்த வருஷம் பாடுறவங்க வரலையா?" என்று ஹிந்தியில் கேட்டாள். வருடா வருடம் எங்கள் வாசலில் வந்து நின்று கை தட்டுகிறவள். அவளுக்கு இருக்கிற அறிவு என் சபைக்கு இல்லையே என்று நினைத்தபோது மறுபடி கொதித்தது. அந்தக் கொதிப்பில்தான் யோசனை வந்தது.

எங்கள் காலனியில் திருட்டுக்குப் பயந்து மற்ற கேட்டுகளையெல்லாம் பூட்டிவிட்டார்கள். ஒரே ஒரு கேட்தான் திறந்திருக்கும். கேரல் வேன் அங்கேதான் நிற்கும். பக்கத்துப் பிளாக்குக்குப் போக அந்த ஒரே பாதைதான். பொழுது சாயும் நேரத்தில் அவருக்கு ஸ்வெட்டர், கோட்டு, மங்கி கேப் எல்லாம் மாட்டினேன். செருப்பு போதும் என்றேன். ஷூதான் வேண்டும் என்று காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். திட்டிக்கொண்டே லேஸ் கட்டினேன். கீழ்வீட்டு அம்மாவின் மகன் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டான். கேட்டுக்கு உள்ளே, பாதையின் நட்டநடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அவரை உட்காரவைத்தேன்.

"மேடம், ராஸ்தா..." என்று மறிபட்ட வழியைக் காட்டினான் காவலாளி.

"தெரியும்" என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தான் மூட்டியிருந்த தீக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.

வேன் வந்தது. கிதாரோடு, டிரம்மோடு, சாண்டா வேடத்தோடு எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டு இறங்கினார்கள். எங்களைப் பார்த்ததும் சிரிப்பை அணைத்துவிட்டார்கள். செக்ரட்டரி ஓடி வந்தார்.

"அக்கா, இந்தக் குளிர்ல அண்ணன எதுக்கு வெளிய..."

"உள்ள வரமாட்டோம்னு சொன்னியள்ளா. அதான் நாங்க வெளிய வந்துட்டோம்."

அவர் பின்னால் திரும்பி ஏதோ சைகை காட்டினார். டிரம்மைத் தோளிலிருந்து இறக்கினார்கள். அரைவட்டமாக நின்று, மெல்லிய குரலில், தாலாட்டு மாதிரி ஒரு பாட்டைத் தொடங்கினார்கள். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, எல்லோரும் அவர் ஷூவைப் பார்த்தே பாடினார்கள். சாண்டாகூடத் தாடியை இறக்கி மார்பில் விட்டுக்கொண்டு தலை குனிந்து நின்றார்.

என் கணவர் இடது கையால் நாற்காலியின் கையை அடித்தார். மறுபடி அடித்தார். "அச்சா!" என்றார் சத்தமாக. முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டு நின்றது. பாட்டு நின்றுபோனது.

செக்ரட்டரி என்னிடம் குனிந்து, "பாத்தீங்களா அக்கா, இதுக்குத்தான் நான் சொன்னேன்" என்றார்.

ஒரு நொடி எனக்கும் பயம் வந்தது. அவர் சொன்னதுதான் சரியோ, என் வீம்புக்காக இந்த மனுஷரைத் தெருவில் வைத்து அழவிடுகிறேனோ என்று. ஆனால் அந்தக் கை மூன்றாவது தடவை அடித்தபோது கேட்டேன். அது அழுகிறவர் அடிக்கிற அடி இல்லை. தாளம். வேகமான தாளம். சாண்டா ஆடுகிற, குழந்தைகள் குதிக்கிற அந்தப் பாட்டின் தாளம்.

எனக்குப் பாட வராது. சுத்தமாக வராது. ஆனாலும் அந்த வேகப் பாட்டின் முதல் அடியை, இருந்த கோபம் முழுவதையும் சேர்த்துக் கத்தினேன். எந்தச் சுருதியில் என்று ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். காவலாளி எழுந்து நின்றுவிட்டான். என் கணவர் காதைப் பொத்துவதுபோல் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு சிரித்தார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொள்ள, உடம்பு குலுங்க, அப்படி ஒரு சிரிப்பு. டிரம் அடிக்கிறவருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை, டிரம்மைத் தூக்கித் தோளில் மாட்டினார்.

இரண்டாவது அடியில் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். மேல்மாடி ஜன்னல்கள் திறந்தன. கீழ்வீட்டு அம்மா வந்து கை தட்டினாள். மூன்றாவது அடியோ நான்காவதோ, எல்லாக் குரலுக்கும் அடியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. வார்த்தை கிடையாது. ம்ம் என்று மட்டும், ஆனால் சரியாக அந்தந்த இடத்தில் ஏறி, அந்தந்த இடத்தில் இறங்கியது. மழைக்காலத்துக்குப் பிறகு அவர் பாடுகிற அந்தக் குரலை நான் கேட்கவே இல்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். சந்தோஷத்தை அழுகை என்று யாராவது எடுத்துக்கொண்டு மறுபடி மெதுவான பாட்டுக்குப் போய்விடக் கூடாதே.

முடிந்ததும் செக்ரட்டரி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "அதிசயம் அக்கா! ஞாயித்துக்கிழமை சபை முன்னால நீங்க கண்டிப்பா சாட்சி சொல்லணும்."

"அதிசயமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்க வந்திய, அவிய பாடுனாவ. அவ்வளவுதான். முன்னமே வந்திருந்தா முன்னமே பாடியிருப்பாவ."

யாரோ, அடுத்த வீட்டில் காத்திருக்கிறார்கள், நேரமாகிறது என்றார்கள். எல்லோரும் நகர்ந்தார்கள். கீழ்வீட்டு மகனைக் கூப்பிட்டு, இவரை மாடிக்கு ஏற்ற வேண்டும் என்று சொல்லத் திரும்பினேன். நாற்காலி காலியாக இருந்தது.

தடியை ஊன்றிக்கொண்டு அவர் பாதையில் போய்க்கொண்டிருந்தார், வீட்டுப் பக்கம் இல்லை, பக்கத்துப் பிளாக்குப் பக்கம். பேஸ் பாடுகிறவர்கள் நடக்கிற கடைசி வரிசையில், ஓரத்தில். அவர்கள் நடையைக் குறைத்துக்கொண்டார்கள், இவர் குறைக்கவில்லை. நான் இத்தனை நாளும் எங்கள் வீட்டுக்குப் பாட யாரும் வரவில்லை என்றே சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவர் காத்திருந்தது மற்ற வீடுகளுக்குப் போவதற்கு.

"குளிருது, கேக்கா? அங்க ரெண்டு படி இருக்கு! பாத்து!" என்று கத்தினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சபையையும் கமிட்டியையும் அவரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே நாற்காலியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.